முத்துசுவாமி தீட்சிதர்

முத்துசுவாமி தீட்சிதர் (1775 – அக்டோபர் 21, 1835) கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவர் ஆவார். தியாகராசர், சியாமா சாத்திரிகள் ஆகியோர் மற்ற இருவர். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். தீட்சிதர் பெரும்பாலும் வடமொழியிலேயே கிருதிகளை இயற்றினார். குருகுக என்பது இவரது முத்திரையாகும். தென்னாட்டு மரபில் ஊறி வளர்ந்த இவர், காசியில் தங்கிய காலத்தில் இந்துத்தானி இசையையும், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய இசையையும் கேட்டு, அவ்விரண்டையும் தம் படைப்புகளில் ஏற்றுக்கொண்டார். ஐரோப்பிய மெட்டுகளுக்கு இவர் வடமொழிச் சொற்களை அமைத்து இயற்றிய பாடல்கள் நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படுகின்றன.

பிறப்பும் குடும்பமும்

இவரது தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் (1735 – 1817), தாயார் சுப்பம்மாள். வேங்கடமகியின் வழிவந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் இசை பயின்ற இராமசுவாமி தீட்சிதர், தாமே சிறந்த பாடலாசிரியராக விளங்கினார். அம்சத்துவனி இராகத்தை உருவாக்கியவர் இவரே. 108 இராகங்களையும் 108 தாளங்களையும் கொண்ட இராகதாள மாலிகை ஒன்றையும் இயற்றியுள்ளார்.

நெடுநாள் பிள்ளைப்பேறு இல்லாதிருந்த பெற்றோர் வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமார சுவாமியை வேண்டிப் பெற்றதால் மகனுக்கு முத்துசுவாமி எனப் பெயரிட்டனர் என்பது குடும்ப மரபு. சின்னசுவாமி (1778 – 1823), பாலுசுவாமி ஆகியோர் இவருடைய தம்பியர். பாலாம்பாள் என்ற தங்கையும் இவருக்கு உண்டு.

மன்மத ஆண்டு பங்குனி மாதம் கார்த்திகை நட்சத்திரத்தில் தீட்சிதர் பிறந்ததாகக் குடும்பக் குறிப்பு கூறுகிறது. பல நூல்கள் 1775 மார்ச் 24 ஐப் பிறந்த நாளாகக் கொள்கின்றன. மன்மத ஆண்டு 1775 சித்திரையில் தொடங்கியதால் அதன் பங்குனி மாதம் 1776 மார்ச்சில் வரும். ஆகவே 1776 ஆம் ஆண்டே சரியானது என்று கொள்வோரும் உள்ளனர்.

இளமையில் வேதம், காவியம், இலக்கணம், சோதிடம் ஆகியவற்றைக் கற்றார். இசையையும் வீணையையும் தந்தையாரிடமே பயின்றார். வேங்கடமகி வகுத்த மேள முறையும், அம்மரபில் வழங்கிய இலக்கிய, இலட்சண கீதங்களும் இவரது கல்விக்கு அடிப்படையாக அமைந்தன. பிற்காலத்தில் எத்தனை வகையான இசையைக் கேட்டபோதும் இந்த அடிப்படையிலிருந்து இவர் விலகவில்லை.

மணலி வாழ்க்கை

சென்னைக்கு வடக்கே உள்ள மணலி அக்காலத்தில் செல்வாக்கு மிக்க ஒரு முதலியார் குடும்பத்தின் இருப்பிடமாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாசியாக இருந்த மணலி முத்துகிருட்டிண முதலியாரின் அழைப்பை ஏற்று இராமசுவாமி தீட்சிதர் தம் குடும்பத்துடன் திருவாரூரிலிருந்து மணலிக்குக் குடிபெயர்ந்தார். முத்துகிருட்டிண முதலியாருக்குப் பின் அவருடைய மகன் வேங்கடகிருட்டிண முதலியாரும் இக்குடும்பத்தை ஆதரித்தார். இவர் சின்னையா முதலியார் என்றும் அழைக்கப்பட்டார்.

துபாசி என்பவர் ஐரோப்பியருக்கும் உள்ளூராருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும் இருந்தவர். அதனால் மணலி முதலியார்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் நெருங்கிய தொடர்பு இருந்தது. வேங்கடகிருட்டிண முதலியார் கோட்டைக்குச் செல்லும்போது தீட்சிதர் சகோதரர்களையும் அழைத்துச் சென்றார். அங்கு அவர்கள் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழுவினரின் இசையைக் கேட்டனர். திருவாரூர்க் கோயிலின் நாதசுவரத்தையும் வீட்டில் வீணையையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய ஒலியாக இருந்திருக்கும்.

பாலுசுவாமி தீட்சிதர் வயலினில் ஈடுபாடு கொண்டதைக் கண்ட முதலியார், ஓர் ஐரோப்பியரை அமர்த்தி அவருக்கு வயலின் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மூன்றாண்டுகள் பயின்றபின் பாலுசுவாமி கருநாடக இசையை வயலினில் வாசித்துக் காட்டினார். கருநாடக இசைக்கு வயலினைக் கொண்டு வந்த முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

காசிப் பயணம்

மணலிக்கு வந்த சிதம்பரநாத யோகி என்னும் துறவி, முத்துசுவாமி தீட்சிதரைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு கேட்டார். இராமசுவாமி தீட்சிதர் தயங்கினாலும் பின்னர் இசைந்தார். தீட்சிதர் சில ஆண்டுகள் காசியில் யோகியுடன் தங்கி, வேதாந்தமும் சிறீவித்தியா உபாசனையும் கற்றார். இவரது கிருதிகளில் தாந்திரிக நுட்பங்களும் மந்திரக் குறிப்புகளும் மிகுந்து காணப்படுவதற்கு இக்கல்வியே காரணமாகும்.

காசியில் இருந்தபோது வடநாட்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. இந்துத்தானி இராகங்களின் சாயலில் அமைந்த யமுனா கல்யாணி, அமீர் கல்யாணி, துவிசாவந்தி முதலிய இராகங்களில் இவர் பிற்காலத்தில் கிருதிகளை இயற்றினார். இவரது பாடல்கள் பல, மிகத் தாழ்ந்த காலத்தில் நிதானமாக நகர்கின்றன. இந்நடைக்கு வடநாட்டுத் துருபத இசையின் தாக்கம் ஒரு காரணம் என்று இசையறிஞர் பலர் கருதுகின்றனர். வீணைப் பயிற்சியும் மற்றொரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கங்கையில் நீராடியபோது இவருக்கு ஒரு வீணை கிடைத்தது என்பது மரபுவழிச் செய்தி. பொதுவாக வீணையின் யாளி முகம் கீழ்நோக்கி இருக்கும். இவரது வீணையின் யாளி முகம் மேல்நோக்கி அமைந்திருந்தது. யோகி காசியிலேயே சமாதி அடைந்தபின் தீட்சிதர் மணலிக்குத் திரும்பினார்.

திருத்தணியும் முதற் கிருதியும்

காசியிலிருந்து திரும்பிய பின் தீட்சிதர் மணலியிலிருந்து மேற்கே திருத்தணிக்குச் சென்று முருகனை வழிபட்டார். அங்கே ஒரு முதியவர் தோன்றி இவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்ததாகவும், அக்கணமே இவர் பாடத் தொடங்கியதாகவும் கூறுவர். மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த சிறீநாதாதி குருகுகோ என்பதே முதற் கிருதியாகும். இசை பயிலத் தொடங்குவோர் முதலில் கற்கும் இராகமும் இதுவே. வடமொழியின் எட்டு வேற்றுமைகளுக்கு ஒன்றாக எட்டுக் கிருதிகளைத் திருத்தணியில் இயற்றினார். வேற்றுமை வரிசையில் பாடல்களைத் தொகுத்தமைக்கும் இம்முறையைப் பிற்காலத்திலும் இவர் பலமுறை கையாண்டார்.

இன்று சென்னையிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகத் தொடர்வண்டியில் திருத்தணி செல்பவர்கள் கடப்பது, மணலிக்கும் முருகன் குன்றுக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பகுதியையே. சென்னையின் மேற்குப் புறத்துக்குத் தியாகராசருடனும் தொடர்பு உண்டு. பூந்தமல்லி, குன்றத்தூர்ப் பகுதியில் உள்ள கோவூருக்கு வந்த தியாகராசர், அங்குள்ள சுந்தரேசுவரர் மீது ஐந்து கிருதிகளைப் பாடினார். அவை கோவூர் பஞ்சரத்தினம் எனப்படுகின்றன.

திருத்தணிக்குப்பின் தீட்சிதர் காஞ்சிபுரம் சென்று சில ஆண்டுகள் தங்கினார். அங்கு உபநிடத பிரம்மேந்திரர் என்னும் துறவியின் தொடர்பு ஏற்பட்டது. பின்னர் திருவண்ணாமலை, சிதம்பரம் முதலிய தலங்களை வழிபட்டு, திருவாரூரை அடைந்தார்.

நோட்டுசுவர சாகித்தியங்கள்

தீட்சிதரின் படைப்புகளில் தனித்து நிற்பவை நோட்டுசுவர சாகித்தியங்கள். நோட்டு என்பது ஐரோப்பிய இசையின் சுரக்குறிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வழக்காகும். இவை ஏறத்தாழ 40 பாடல்கள். பேண்டு வாத்தியக் குழுவினர் வாசித்த அணிவகுப்பு மெட்டுகள், நடன மெட்டுகள், அயர்லாந்து, இசுக்காட்லாந்து நாட்டுப்புற மெட்டுகள் ஆகியவற்றுக்கு வடமொழிச் சொற்கள் அமைக்கப்பட்டன. மூல மெட்டு அடையாளம் காணப்பட்டவற்றுள் சில வருமாறு:

* சந்ததம் பாகிமாம் – காட் சேவ் தி கிங் (பிரித்தானிய நாட்டுப்பண்)
* வந்தே மீனாட்சி – லிமெரிக்கு (அயர்லாந்து மெட்டு)
* வரசிவ பாலம் – கேசுட்டிலியன் மெய்டு
* சகதீச குருகுக – லார்டு மெக்டொனால்ட்சு ரீல் (இசுக்காட்லாந்து நடன மெட்டு)
* கமலாசன வந்தித – கேலப்பீடு (ஆங்கில நடன மெட்டு)

இவை பெரும்பாலும் சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்துள்ளன. 29 ஆவது மேளமான சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் ஐரோப்பிய இசையின் மேசர் சுர வரிசையும் ஒன்றே என்பது இதற்குக் காரணமாகும். ஆயினும் இரண்டும் ஒலிக்கும் முறை வேறு. கருநாடக இசையில் சங்கராபரணம் பாடும்போது சுரங்கள் கமகத்துடன் அசைந்தும் வளைந்தும் வரும். நோட்டுசுவரத்தில் ஒவ்வொரு சுரமும் அசைவின்றி நேராக நிற்கும். பெரும்பாலும் ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து என்ற அளவில் சொற்கள் அமையும். கிருதிகளில் காணப்படும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பகுப்பும் இவற்றில் பொதுவாக இல்லை.

தீட்சிதர் மூலப் பாடல்களின் பொருளை மொழிபெயர்க்கவில்லை. மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விநாயகர், முருகன், மீனாட்சி, இராமன் முதலிய தெய்வங்களைப் பாடினார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டு இவரிடத்தில் இசைக்கு அதிதேவதையான சியாமளையைப் போற்றும் பாடலாயிற்று. கம்பெனியின் ஆட்சி தென்னாட்டில் உறுதிப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

இப்பாடல்களின் மதிப்பைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. இவை இரவல் மெட்டுகளாதலால் தீட்சிதரின் பெரும் கிருதிகளோடு ஒப்பிடத்தக்கவையல்ல என்பது ஒன்று. அயல் மெட்டின் நேர்நடையைக் குலைக்காமலும் வடமொழியின் குறில் நெடில் ஓசை கெடாமலும் சொற்களைப் பொருத்தியதே ஓர் அரிய செயல் என்பது மற்றொன்று. இவற்றை இயற்றியவர் தம் ஏனைய கிருதிகளில் அந்த நேர்நடையைப் புகுத்தவில்லை என்பதும் நோக்கத்தக்கது. வடநாட்டு இராகங்களைத் தம் கமக நடைக்குள் உருமாற்றி ஏற்றுக்கொண்டவர், ஐரோப்பிய மெட்டுகளை அவற்றின் இயல்பிலேயே தனி வகையாக வைத்துக்கொண்டார். இரு இசைகளையும் கலந்த முறை இரண்டாக இருந்ததற்கு, அவ்விரண்டும் தம் மரபிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தன என்பதை இவர் அறிந்திருந்ததே காரணம் எனலாம்.

திருவாரூர்ப் படைப்புகள்

தீட்சிதரின் புகழ்பெற்ற கிருதித் தொகுப்புகள் பல திருவாரூரைச் சார்ந்தவை.

கமலாம்பா நவாவரணம்: திருவாரூர்க் கோயிலில் உறையும் கமலாம்பிகை மீது பாடப்பட்டவை. சிறீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களுக்கும் ஒவ்வொரு கிருதி உண்டு. தியானக் கிருதி தோடி இராகத்திலும் மங்களக் கிருதி சிறீ இராகத்திலும் உள்ளன. முதல் எட்டு ஆவரணக் கிருதிகள் எட்டு வேற்றுமைகளில் அமைந்துள்ளன. ஆகிரி இராகத்தில் உள்ள ஒன்பதாவதில் எல்லா வேற்றுமைகளும் வருகின்றன.

நீலோற்பலாம்பா கிருதிகள்: கௌள என முடியும் பெயருடைய நாராயணகௌள, ரீதிகௌள, கன்னடகௌள, கேதாரகௌள முதலிய எட்டு இராகங்களில் அமைந்தவை.

வாரக் கிருதிகள்: ஞாயிறு முதல் சனி வரையிலான ஏழு கோள்களைப் பற்றியவை. துருவம், மட்டியம், ரூபகம், சம்பை, திரிபுடை, அட, ஏகம் என்ற சூளாதி ஏழு தாளங்களும் இவற்றில் முறையே வருகின்றன. இராகு, கேது ஆகியவற்றின் மீதுள்ள இரு கிருதிகள் பிற்காலத்தவை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

வாதாபி கணபதிம் என்ற கிருதியும் திருவாரூரைச் சார்ந்ததே. தந்தையார் உருவாக்கிய அம்சத்துவனி இராகத்தில் மகன் இயற்றிய இப்பாடல் இன்று கச்சேரிகளின் தொடக்கத்தில் பரவலாகப் பாடப்படுகிறது.

திருவாரூருக்கு வெளியே, ஐம்பூதத் தலங்கள் மீதும் கிருதிகள் இயற்றினார். அவற்றின் இராகங்கள் வருமாறு:

* காஞ்சிபுரம் (நிலம்) – பைரவி
* திருவானைக்கா (நீர்) – யமுனா கல்யாணி
* திருவண்ணாமலை (தீ) – சாரங்கா
* திருக்காளத்தி (வளி) – உசேனி
* சிதம்பரம் (வெளி) – கேதாரம்

நீர்த்தலத்துக்கு வடநாட்டு ஆற்றின் பெயர் கொண்ட இராகத்தைத் தேர்ந்திருப்பது சுவையானது.

இசை நடை

தீட்சிதரின் கிருதிகள் தாழ்ந்த காலத்தில் தொடங்கி, இறுதியில் சொற்கட்டு நெருங்கி விரைவாக ஒலிக்கும் மத்திமகால சாகித்தியத்துடன் முடிவது வழக்கம். பாடலிலேயே இராகத்தின் பெயரைப் பொருளோடு பிணைத்து வைப்பது இவரது சிறப்பியல்பு. தலத்தின் பெயர், இறைவன் இறைவி பெயர்கள், தல வரலாறு ஆகியவற்றையும் பாடலில் குறிப்பிடுவார். அதனால் இவரது கிருதிகளைக் கொண்டே இவர் சென்ற தலங்களை ஓரளவு அறிய முடிகிறது. சில கிருதிகளில் அனுபல்லவியைத் தொடர்ந்து தனிச் சரணம் வருவதில்லை. இவை சமட்டி சரணக் கிருதிகள் எனப்படும்.

வடமொழியைத் தவிர, தெலுங்கில் சில உருப்படிகளையும், வடமொழி, தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் கலந்த மணிப்பிரவாளக் கிருதிகள் சிலவற்றையும் இயற்றியுள்ளார்.

மாணவர்கள்

தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். பரதநாட்டியக் கச்சேரியின் இன்றைய வரிசையை அமைத்தவர்கள் இவர்களே. குருவைப் போற்றி நவரத்தின மாலை என்ற கிருதித் தொகுப்பை இயற்றினர். இவர்களுள் வடிவேலு, பாலுசுவாமியைப் போலவே வயலினில் தேர்ந்தார். 1834 இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

சுத்தமத்தளம் தம்பியப்பன், திருக்கடையூர் பாரதி, ஆடல் மகளிரான திருவாரூர்க் கமலம், வள்ளலார் கோயில் அம்மணி ஆகியோரும் இவருடைய மாணவர்கள். தம்பியப்பனின் வயிற்றுநோய் நீங்குவதற்காக அடாணா இராகத்தில் வியாழன் மீது கிருதி பாடிக் கொடுத்தார் என்றும், அதுவே வாரக் கிருதிகளுக்குத் தொடக்கமாயிற்று என்றும் சொல்லப்படுகிறது. அந்தணர், இசை வேளாளர், ஆடல் மகளிர் எனப் பல தரப்பினரும் இவரிடம் பயின்றனர்.

எட்டயபுரமும் மறைவும்

1817 இல் இராமசுவாமி தீட்சிதர் திருவாரூரில் மறைந்தார். தம்பியர் இருவரும் மதுரைக்குச் சென்றனர். அங்கு 1823 இல் சின்னசுவாமி காலமானார். பாலுசுவாமி எட்டயபுரம் சமீனில் அரசவை இசைஞராக அமர்ந்தார். தம்பியைத் தேடித் தீட்சிதர் எட்டயபுரம் சென்றார். வழியில் வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்சினி இராகத்தில் இவர் பாடியதும் மழை பெய்தது என்பது மரபுவழிச் செய்தி.

1835 அக்டோபர் 21, நரக சதுர்த்தசி அன்று, மீனாட்சி மே முதம் என்ற தம் கிருதியை மாணவர்கள் பாடக் கேட்டுக்கொண்டிருந்தபோது எட்டயபுரத்தில் உயிர் நீத்தார். அது மீண்டும் வந்த மன்மத ஆண்டாகும். இவரது சமாதி எட்டயபுரத்தில் உள்ளது.

பாடல்கள் காக்கப்பட்ட வரலாறு

தீட்சிதர் தம் பாடல்களை அச்சில் காணவில்லை. அவை மாணவர் வழியாகவும் தம்பியின் குடும்பம் வழியாகவும் வாய்மொழியாகவும் ஏடுகளிலும் வழங்கின. பாலுசுவாமியின் மகள்வழிப் பேரனும் அவரால் சுவீகாரம் செய்யப்பட்டவருமான சுப்பராம தீட்சிதர் (1839 – 1906) இவற்றைக் காத்தவர்களுள் முதன்மையானவர். கருநாடக இசையை ஐரோப்பிய சுரக்குறிப்பில் அச்சிட்டு வந்த ஏ. எம். சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் எட்டயபுரம் சமீனின் ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் 1904 இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். இதில் தீட்சிதரின் 229 கிருதிகள் கமகக் குறியீடுகளுடன் உள்ளன. 1905 இல் வெளியான பிரதமாப்பியாச புத்தகம் என்ற தொடக்கப் பாட நூலில் நோட்டுசுவர சாகித்தியங்கள் 33 இடம்பெற்றன.

பிற்காலத்தில் வெளிவந்த தொகுப்புகளால் தீட்சிதரின் பெயரில் வழங்கும் கிருதிகளின் எண்ணிக்கை நானூறைக் கடந்தது. 1904 ஆம் ஆண்டு நூலில் இல்லாத கிருதிகளுள் எவை உண்மையில் இவருடையவை என்பது பற்றி ஆய்வு தொடர்கிறது. மேலும், இவர் பின்பற்றிய பழைய மேள முறையின் இராகப் பெயர்களும் இன்று பரவலாக வழங்கும் 72 மேளகர்த்தா முறையின் பெயர்களும் பல இடங்களில் வேறுபடுகின்றன. கனகாங்கி என்று இன்று அழைக்கப்படும் முதல் மேளம் இவரது மரபில் கனகாம்பரி ஆகும். சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னையில் பலருக்கு இக்கிருதிகளைக் கற்பித்தார். டி. கே. பட்டம்மாள் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

நினைவுச் சின்னங்கள்

திருவாரூரில் இவர் பிறந்த இல்லமும் எட்டயபுரத்தில் சமாதியும் நினைவிடங்களாகப் பேணப்படுகின்றன. இந்திய அஞ்சல் துறை 1976 இல் இவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தீபாவளியை ஒட்டி இவரது நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. நோட்டுசுவர சாகித்தியங்கள் சிறுவர்களுக்குரிய தொடக்கப் பாடல்களாகவும், வயலின், வீணை மாணவர்களின் பயிற்சிப் பாடல்களாகவும் வழங்கி வருகின்றன. இவர் கோட்டையில் பேண்டு இசை கேட்ட நாள்களில் தங்கியிருந்த மணலி, 2011 முதல் சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதியாக உள்ளது.